கேட்டைத் தாண்டும் வண்டி

"என்னை எப்பதான் மேஸ்திரின்னு சொல்லுவீங்க?" என்று கலியபெருமாள் கேட்டார்.

கேட்டவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வேண்டிய ஃபிலோமினா அவரைவிடச் சின்னவள். ஆனால் புதுச்சேரியில் பழைய காருக்கு எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால் அவள் பட்டறைக்குத்தான் வர வேண்டும். லாரி ஷெட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த கலியபெருமாளும் அவளிடம்தான் இந்தத் தொழிலைப் படித்தார். வித்தைக்கு ஏது வயசு?

ஃபிலோமினா ஓரமாய் நின்ற பீட்டில் காரைக் காட்டினாள். அதன் எஞ்சின் என்றைக்கோ செத்துவிட்டது. பக்கத்தில், ஒரு பழைய வேனிலிருந்து இறக்கிய பெரிய எஞ்சின் கிடந்தது.

"இதை அதுல ஏத்துங்க. இதுக்குத் தோதா கியர்பாக்ஸைச் சேருங்க. யாரும் கைவைக்க மாட்டோம். நீங்களே ஓட்டிக்கிட்டு நம்ம கேட்டைத் தாண்டுங்கண்ணே. தாண்டிட்டா நீங்க மேஸ்திரி."

மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே வில்லியனூரில் சொந்தமாக ஒரு ஷெட் பிடித்தார். பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தார். பால் காய்ச்ச நாள் குறித்து, சொந்தபந்தம் ஒருத்தர் விடாமல் சொல்லியும் வைத்தார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற ஆள்.

வேலையிலும் குறை சொல்ல முடியாது. பெரிய எஞ்சினுக்குப் பழைய பல்கணக்கு சரிப்படாதென்று கியர்பாக்ஸைப் பிரித்தார். உள்ளே பெரிய பல்சக்கரம் ஒன்று இருக்கும், கிரவுன் என்பார்கள். அதை மாற்றிப் பூட்டினார். எஞ்சினை ஏற்றினார். பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் போய் டயர் அடுக்கில் முட்டியது.

இரண்டாவதைப் போட்டார். அடுக்கு சரிந்தது.

கலியபெருமாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிரவுனைப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறார். முன்னால் போக வேண்டிய நாலு கியரும் இனி பின்னால்தான் போகும். எஞ்சினை இறக்க வேண்டும், கியர்பாக்ஸை மறுபடி பிரிக்க வேண்டும். நாளைக்குப் பால் காய்ச்ச முடியாது. மச்சான் சிரிப்பானே என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது, பாவம்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. குறுக்குப் புத்திதான்.

நாலும் பின்னால் போனால், ரிவர்ஸ் எந்தப் பக்கம் போகும்?

போட்டுப் பார்த்தார். வண்டி சமர்த்தாக முன்னால் நகர்ந்தது.

கேட்டைத் தாண்டு என்றுதானே மேஸ்திரி சொன்னாள், எந்தக் கியரில் என்று சொல்லவில்லையே. நாளைக்குக் காரியம் முடியட்டும், பிறகு கமுக்கமாகச் சரிசெய்துகொள்ளலாம். இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு வண்டியைப் பட்டறைக் கேட்டை நோக்கி விட்டார்.

ரிவர்ஸ் கியருக்கென்று ஓர் அழுகை உண்டு. தெரிந்த காதுக்கு அது போதும்.

ஃபிலோமினா சாப்பிட்டுவிட்டு, கேட்டருகே கை துடைத்துக்கொண்டு நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். கியர் லிவர் மேலிருந்த அவர் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள்.

அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் கலியபெருமாள் வீம்புக்காவது போயிருப்பார். முன்சக்கரம் வாசலைத் தொட்டதும் பிரேக்கை மிதித்தார்.

"தாண்டட்டுங்களா மேஸ்திரி?"

"தாராளமா. நான் தடுக்கலையே."

கலியபெருமாள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

ஃபிலோமினா ஜன்னலோரம் குனிந்தாள். "ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்கண்ணே. போறதுக்கு ஒரே ஒரு கியர்தான் இருக்கு. திரும்பி வர்றதுக்கு நாலு இருக்கு."

வெளியே தெரு காலியாகக் கிடந்தது. போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

கலியபெருமாள் கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டார்.