நண்டுத்தீவின் முந்நூறு தலைப்பாகைகள்

வயிறு குலுங்கச் சிரிக்க ஓர் இடம் இந்தக் கதையில் உண்டு. ஆனால் இப்போதே தரமாட்டேன். முதலில் ராஜா வரட்டும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வலம்புரிப்பட்டினத்தைச் செங்கழல்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். துறைமுக வாயிலில் நண்டுத்தீவு. அதில் அவர் பாட்டனார் கட்டிய கோட்டை. வருஷாவருஷம் பகைவர் கப்பல்கள் தீவுவரை வரும், கோட்டையைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். ராஜா அரண்மனை மாடத்தில் நின்று மீசையை முறுக்குவார்.

"பார்த்தீரா காளிங்கரே! என் மீசை தெரிந்துவிட்டது!"

"இரண்டு காத தூரம் தெரியும் பிரபு!" என்பார் அரண்மனை அதிகாரி காளிங்கர். அமைச்சர் ஆதனாரின் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

ஒருநாள் நிறைந்த சபையில் காளிங்கர் குழைந்தார்: "பிரபு, கோட்டையை ஆதனார் சலவைத்துறை ஆக்கிவிட்டார்! தினமும் முந்நூறு தலைப்பாகைகளைத் துவைத்து மதில் நெடுகக் காயப்போடுகிறார்கள். குடிக்கச் சேமித்த மழைநீரெல்லாம் பாழ்!"

"என்ன ஆதனாரே, அங்கே இருப்பது வீரர்களா, மாப்பிள்ளைகளா?" என்றார் ராஜா. சபை கொல்லென்று சிரித்தது.

"தனியாகச் சொல்கிறேன், அரசே."

"சபைக்குத் தெரியாத ரகசியமா? இங்கேயே சொல்லும்! இல்லையென்றால் உமக்குப் பதவியும் இல்லை, ஊரும் இல்லை."

முன்வரிசையில் அயல்நாட்டு வணிகர்கள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். ஆதனார் அவர்களைப் பார்த்தார். முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்தார்.

"அழுக்காயிருந்தது, துவைத்தோம். வேறொன்றுமில்லை."

அன்று மாலையே படகேறிப் போய்விட்டார். காளிங்கர் அமைச்சரானார். மறுநாளே தீவுக்குப் போய்த் தலைப்பாகைகளை வாரிக்கொண்டு வந்தார்.

அடுத்த பருவத்தில் ஏழு கப்பல்கள் வந்தன. ராஜா மீசையை முறுக்கினார். கப்பல்கள் திரும்பவில்லை. வெண்ணெய் தடவி முறுக்கினார். திரும்பவில்லை. முக்காலிமேல் ஏறி, இடப்பக்க மீசையை ஒருமுறை, வலப்பக்க மீசையை ஒருமுறை காட்டினார். சிரிக்க வேண்டிய இடம் இதுதான். சீக்கிரம் சிரித்துவிடுங்கள், கப்பல்கள் தீவைத் தாண்டுகின்றன.

"காளிங்கரே! கோட்டை வீரர்கள் முந்நூறு பேரும் தூங்குகிறார்களா?"

"பன்னிரண்டு பேர்தான் பிரபு. மற்றவர்களைத் தாங்கள்தானே பத்துப் பத்தாக அல்லிக்குளம் வெட்ட வரவழைத்தீர்கள்."

"உமக்கு எப்போது தெரியும்?"

"தலைப்பாகைகளை எடுக்கப் போன அன்று. சொல்லப் பயமாயிருந்தது."

ராஜா வெறிச்சோடிய மதிலைப் பார்த்தார். தூரத்திலிருந்து தலைப்பாகைகளை எண்ணுகிற பகைவனுக்கு, அங்கே எத்தனை வீரர்கள் தெரிந்திருப்பார்கள்! மீசையிலிருந்து கை இறங்கியது.

"அன்று சபையில் அந்த வணிகர்கள் இருந்தார்களே," என்றார் மெதுவாக. "அவர்கள் காதில் விழக் கூடாதென்றுதானே அந்த மனுஷர் ஊரையே விட்டுப் போனார்!"