நீர்க்காகம் சிறகை விரித்து நிற்பது ஏன்?

அந்தக் காலத்தில், நடுக்கடல் தீவுகளின் நெருப்பு மலைகள் இன்னும் ஆறாமல் புகைந்துகொண்டிருந்தபோது, பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். உடம்பும் அப்போது ரொம்ப ரோஷம் பிடித்தது. வேலை கொடுக்காத உறுப்பு தினமும் கொஞ்சம் தேய்ந்துவிடும்.

வருஷம் ஒருமுறை ஒரு சின்னத் தோணி அந்தத் தீவுகளுக்கு வரும். பிடிக்க அல்ல, விற்க அல்ல, அங்குள்ள உயிர்களைச் சும்மா பார்க்க. தோணியை ஓட்டும் தண்டலின் பெயர் மாசானம். அவன் தங்கை உலகாயி அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். எந்த ஆமையின் ஓட்டில் எத்தனை கீறல் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

அவர்கள் ஊரில் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். பாறையும் ஒரு பறவையின் வீடுதானே என்று உலகாயி மீன்கூடையோடு கரையிறங்கினாள். அங்கே இருந்தது ஓர் இளம் நீர்க்காகம். அந்நாளில் நீர்க்காகத்துக்குப் பருந்துபோல நீண்ட சிறகு. பறந்தபடியே மீனைக் கொத்தும், முங்கத் தெரியாது.

ஊர் திரும்பும் காற்றுக்காகத் தோணி மூன்று மாதம் காத்துக் கிடந்தது. தினமும் கூடை வந்தது.

"என்னக்கா, இன்னிக்கும் சாளைதானா? உங்கண்ணனுக்கு வேற மீனே சிக்காதா?"

"வாயைப் பாரு! நீயே போய்ப் பிடிச்சுக்கோயேன்."

"நான் எதுக்குப் பறக்கணும்? அதான் நீ நடந்து வர்றியே."

உலகாயி சிரித்தாள். அதன் பச்சைக் கண்ணையும் வளைந்த அலகையும் பார்த்துப் பார்த்து ஓலையில் வரைந்தாள். மடங்கிய சிறகை விரித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஒருநாள் நடுப்பகலில் மலை பிளந்தது.

சத்தம் காதில் விழுமுன்பே தரை காலடியில் நகர்ந்தது. தீவிலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் மேலே எழும்பின. நெருப்புக் குழம்பு கரும்பாறைகளை விழுங்கிக்கொண்டு இறங்கியது.

"உலகாயி! ஓடி வாடி!" தோணியிலிருந்து மாசானம் கத்தினான்.

அவள் நீர்க்காகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பற! ஏன் நிக்குறே, பற!"

நீர்க்காகம் சிறகை விரித்தது.

தோளின் இருபுறமும் கிழிந்த ஓலைத் துண்டுபோல ஏதோ தொங்கியது. ஒரு சாண்கூட இல்லை. நீர்க்காகமும் அதை அப்போதுதான் பார்த்தது. வலப்புறம் பார்த்தது, இடப்புறம் பார்த்தது, மறுபடி வலப்புறம்.

"அக்கா... என் சிறகு எங்கக்கா?"

உலகாயி மீன்கூடை சுமந்த தன் கையைப் பார்த்தாள். மூன்று மாதம். தினமும் இதே கையால்தான். முதுகில் அனல் சுட்டது. அவள் பறவையை அப்படியே வாரி எடுத்தாள். பறவைபோலவா இருந்தது, ஈர மணல் மூட்டைபோலக் கனத்தது. "முங்கத் தெரியாதுக்கா!" என்று அது அலற அலறக் கடலுக்குள் வீசினாள்.

அது மூழ்கிப் போனது.

உலகாயி இடுப்பளவு நீரில் நின்றாள். அண்ணன் வந்து கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. கண் இமைக்கவும் மறந்திருந்தாள். நெடுநேரம் கழித்து, தூரத்தில், நீரைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புத் தலை எழும்பியது. அலகில் ஒரு மீன் துடித்தது. தானே பிடித்த மீன்.

நெருப்பு எட்டாத பாறையில் அது ஏறியது. இரண்டு துண்டுச் சிறகையும் விரித்து வெயிலில் பிடித்தது.

"வளர்ந்திருக்காக்கா?"

தோணி உலகாயியை ஏற்றிக்கொண்டு விலகியது.

அன்று முதல்தான், அந்தத் தீவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு இறங்கி, கைக்கெட்டாத தூரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நீர்க்காகமும் ஒவ்வொரு முறை கரையேறும்போதும் தன் குட்டைச் சிறகை விரித்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது.