சுவரில் மாட்டிய தகடு

ஜவ்வாது மலை அடிவாரத்தில் அருளம்பல அடிகளின் மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கொட்டகை, ஒரு கிணறு, நாலைந்து சீடர்கள். அவர்களில் மயில்வாகனன் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் குரு அவரிடம் மட்டும் 'நீங்க' என்று பேசுவார். மற்ற சீடர்களுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

போர்க்காலத்தில் மயில்வாகனன் வடக்கே ஓர் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். பர்மா போர்முனைக்குப் போன கவச வண்டிகளுக்கு அங்கே தகடு செய்தார்கள். உலையில் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் வரும் தகடுகளில் ஒன்றை எடுத்து, துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பது அவர் பொறுப்பு. அது குண்டைத் தாங்கினால் மற்ற எல்லாவற்றிலும் அவருடைய முத்திரை விழும், வண்டிக்குப் போகும். சுட்ட தகடு மட்டும் ஆலையிலேயே தங்கிவிடும்.

போர் முடிந்து பல வருடம் கழித்து ஒரு காலையில் ஏகாம்பரம் என்ற பெரியவர் துணிப்பையோடு மடத்துக்கு வந்தார். பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டுத் துண்டு. அதில் மயில்வாகனனின் முத்திரை. ஏகாம்பரத்தின் மகன் தசரதன் கவச வண்டி ஓட்டியவன். வண்டியோடு அவனும் போனான். கூட இருந்து பிழைத்த ஒருவன் அந்தத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். முத்திரை யாருடையது என்று பெரியவர் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஆளைப் பிடித்துவிட்டார்.

"பீரங்கின்னா நானும் போவட்டும்னு வுட்டிருப்பேன்" என்றார் ஏகாம்பரம். "சாதாத் துப்பாக்கிக் குண்டாம். அதுக்கே ஒடஞ்சிதாம். ஏன் ஒடஞ்சிது?"

 மயில்வாகனன் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் குருவிடம் போனார்.

"சுவாமி, நான் சுட்ட தகடு ஒண்ணுகூட உடைஞ்சதில்லை. சுடாம ஒரு நாளும் முத்திரை குத்தினதில்லை. அப்புறம் எப்படி உடைஞ்சுது? தப்பு என் மேலயா, இல்லையா? ஆமான்னாலும் பொய் சொல்ற மாதிரி இருக்கு, இல்லைன்னாலும் பொய் சொல்ற மாதிரி இருக்கு. அவருக்கு நான் என்ன சொல்றது?"

"வந்தவர் பசியோட இருப்பாரு" என்றார் அடிகள். "அந்த மாம்பழக் கூடை நல்லா இருக்கான்னு பாருங்க."

மயில்வாகனனுக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் செத்துப்போன மகனைப் பற்றிக் கேட்கிறார், இவர் மாம்பழத்தைப் பற்றிப் பேசுகிறாரே. இருந்தாலும் குரு சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. கூடைப் பக்கம் போய் மேலே இருந்தவற்றை ஒதுக்கினார். இரண்டு மூன்றை அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அடியிலிருந்து ஒன்றை எடுத்து நறுக்கினார். பழம் அருமையாக இருந்தது.

"நல்ல கூடைதான், சுவாமி."

"அப்ப கொண்டுபோய்க் குடுங்க."

அடிகளும் கூடவே போனார். ஏகாம்பரம் கைக்கு அகப்பட்ட பழத்தை எடுத்துப் பிய்த்தார். கொட்டையிலிருந்து வண்டு வெளியே வந்தது. கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதிலும் வண்டு. அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

மயில்வாகனன் குழம்பிப் போனார். "நான் அறுத்தது நல்லா இருந்ததே."

"கைக்கு வந்ததையா எடுத்தீங்க?" என்று கேட்டார் அடிகள்.

"இல்லை சுவாமி. பாத்துதான் எடுத்தேன்."

"தகடு?"

"அதுவும் பாத்துதான்." மயில்வாகனன் குரலில் பழைய பெருமை வந்துவிட்டது. "சுத்தியால தட்டிப் பாப்பேன். கணீர்னு சத்தம் வர்றதை எடுப்பேன். குண்டைத் தாங்கிட்டா அந்த ஷிப்டு ஆளுங்க பேரை அதுல எழுதி, சந்தனம் குங்குமம் வெச்சு, வாசல் சுவத்துல மாட்டுவோம். அதுக்காகவே எல்லாரும், நல்ல தகடாப் பாத்து எடுங்க சார்னு..."

அவர் பார்வை கீழே கிடந்த வண்டுப் பழங்களுக்குப் போனது.

ஏகாம்பரம் அவரைப் பார்த்தார். "நல்லதெல்லாம் செவுத்துல. எம்புள்ள வண்டிக்கு எது?"

மயில்வாகனன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"ஏமாத்தணும்னு எடுக்கலை, ஐயா. அந்தத் தகடு தாங்குச்சுன்னா கூடப் பொறந்தது எல்லாம் தாங்கும்னு நம்பினேன். அதுல தப்பு இருக்குன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோணலை. இப்பகூட அது தப்பா, அறியாமையான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியலை."

ஏகாம்பரம் தகட்டுத் துண்டைப் பையிலிருந்து எடுத்தார். எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி பையிலேயே போட்டார்.

"இத்தினி வருசமா இந்த முத்திரைக்காரன வயிறெரிஞ்சு திட்டிக்கினே இருந்தேன்" என்றார். "நேர்ல பாத்தா இவரு இப்பிடி அழுவறாரு. நல்லவருன்னு நெனச்சா, எம்புள்ளைய நெனச்சு நெஞ்சு கொதிக்குது. கெட்டவருன்னு சொல்லலான்னா வாய் வரல. சாமி, நீங்க இவரக் கூடவே வெச்சிகினு இருக்கீங்க. இவரு நல்லவரா, கெட்டவரா? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

மயில்வாகனனும் நிமிர்ந்து குருவைப் பார்த்தார். அவருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அடிகள் ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவரோட வாழ்நாள்ல ஒரு நாளை எடுத்து, அந்தத் தகடு மாதிரி சுட்டுப் பாத்தாதான் சொல்ல முடியும்" என்றார். "எந்த நாளைச் சுடட்டும்? நீங்களே பொறுக்கிக் குடுங்க."