ஜன்னலில் போட்ட துண்டு

தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் எத்திராஜுலு என்றொரு மேனேஜர் இருந்தார். ஆபீஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டரை, கையில் கிடைத்த பிளாப்பியையெல்லாம் ஏற்றிச் சிங்காரிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் புது டைம்டேபிள் அடிக்கப் போனால், 'மெமரி போதவில்லை' என்று திரையில் காட்டிவிட்டு மிஷின் மக்கர் பண்ணியது.

முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். கால் முறிந்ததால் ஆபீஸ் வேலைக்கு மாறியிருந்த கண்டக்டர் பூவலிங்கத்தை மேனேஜர் உடனே கைகாட்டினார்.

"இவன் தொட்டுக் கெடுத்துட்டான் முதலாளி. மத்தியானத்துக்குள்ள சரிபண்ணலேன்னா வீட்டுக்கு அனுப்பிருவோம்."

பூவலிங்கம் மிஷினை ஒருதடவை அணைத்துப் போட்டான். ஸ்டார்ட் ஆகும்போதே ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன: மூலையில் கடிகாரம், ராசிபலன், மேளச் சத்தம், கடைசியில் 'வருக வருக மேனேஜர் எத்திராஜுலு!'

"இந்த பஸ்ல எடம் இருக்கு முதலாளி," என்றான் மிஷினைக் காட்டி. "கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போட்டுட்டாங்க."

"யாரு துண்டு?"

"அதுலயே பேரு போட்டிருக்கே!"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லாத்தையும் எடுத்து வீசுப்பா!"

ஸ்டார்ட் ஆகும்போது வரும் பட்டியலிலிருந்து நான்கையும் நீக்கிவிட்டு, மறுபடி மிஷினைப் போட்டான். பிரிண்டர் கரகரவென்று டைம்டேபிளைத் துப்பியது.

"என் பேரையாவது விட்டு வச்சிருக்கலாம்," என்று முனகினார் மேனேஜர்.

"டிக்கெட் எடுத்தவங்க நிக்கிறப்ப ஸ்டாஃப் உக்காரக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதானே சார்?"