ஆற்றுத்துறையில் மல்லுக்கட்டியவன்

"இது வேதமே இல்ல மேடம். எங்க ஊர்ப் பேய்க்கதை" என்றான் சத்தியநேசன்.

செல்வபாய் இறையியல் கல்லூரியில் பைபிளின் பழைய ஏற்பாடு நடத்துகிறவர். இந்த மாணவனைவிட வயதில் இளையவர்.

"எந்தக் கதை?"

"யாக்கோபு ராத்திரி பூரா ஆத்துத்துறையில ஒருத்தரோட மல்லுக்கட்டுறான். அவர்தான் கடவுளாம். விடியப் போகுது, என்னை விடுங்கிறார் அவர். ஆசீர்வாதம் தந்தாத்தான் விடுவேன்னு இவன் நிக்கிறான். விடியறதுக்குள்ள ஓடப் பாக்கிறது எங்க ஊர் முனிதான்."

"முனி கதை யார் சொன்னது?"

"எங்க அம்மா. தாத்தா முனியைக் கட்டிப் பிடிச்ச கதை."

"பழைய ஜனங்க சொன்ன கதைகள் வேதத்துக்குள்ளயும் வந்திருக்குன்னு வகுப்பில சொன்னேனே."

"அதுதான் என்னைக் கவுத்துட்டுது. அதையெல்லாம் பொய்னு தள்ளித்தானே ஞானஸ்நானம் எடுத்தேன். முனிக்குப் படைக்கிற வீடுன்னு அம்மா வீட்டில கை நனைக்கிறதுகூட இல்ல. இப்ப முனி புஸ்தகத்துக்குள்ள உக்காந்திருக்கார். எந்த முகத்தோட பிரசங்கம் பண்ண? நான் ஊருக்கே போறேன்."

"போங்க. போனதும் யாக்கோபு கதையை அம்மாகிட்ட சொல்லுங்க."

தடுத்தால் வாதாடலாம் என்று வந்தவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஊருக்குப் போனான். உள்ளே போனால் சாப்பிடச் சொல்வாளே என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தான். படிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னான்.

"ஏம்ல?" என்றாள் அம்மா பேச்சியம்மாள்.

ஆசீர்வாதம் தந்தால்தான் விடுவேன் என்று யாக்கோபு நின்ற இடம் வரைக்கும் கதையைச் சொன்னான். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"பொறவு நொண்டுனானா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடத்தை அவன் இன்னும் சொல்லவே இல்லை.

"நொண்டினான்."

"உங்க தாத்தாவும் சாகுற வரைக்கும் நொண்டுனாரு. முனியத் தொட்டவன் சும்மா வருவானா?" கீரையைக் கீழே வைத்தாள். "எய்யா, இத்தன வருசமா இதத்தான் படிச்சியா? நீ எங்களுக்கு இல்லாமப் போயிட்டேன்னுல்லா நெனச்சேன்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆசீர்வாதம் கெடச்சுதா அவனுக்கு?"

"கெடைக்கிற வரைக்கும் விடலம்மா."

"பின்ன நீ ஏன் விட்டுட்டு வந்தே?"

சத்தியநேசன் சிரித்துவிட்டான். எழுந்து உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"சோறு போடும்மா. காலையில முதல் பஸ்ஸுக்குப் போகணும்."