எங்கள் வீட்டுக் குளியலறை காய்ந்த விதம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லி, கொத்தனார் சொன்னதை மூத்தார் சொன்னதாக மாற்றிவிட்டால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அதனால் நடந்ததை நடந்தபடி, மெதுவாகவே சொல்கிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் போட்டு நாலு வருஷம் ஆகிறது. டைல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. ஒரு டைல்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில்தான் ஈரம். எந்நேரமும் கறுத்து, பாசி பிடித்து, கால் வைத்தால் வழுக்கும். என் வீட்டுக்காரர் பூலோகம் இரண்டு தடவை விழுந்தார். அவர் வழவழப்பு இல்லாத தெருவிலேயே விழுகிறவர், அது பரவாயில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் மகள் செண்பகம் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். எட்டு மாதம். அவள் விழக் கூடாது. இந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கிலிக் கொத்தனார் வந்து இடுக்கில் இருந்த பழைய பூச்சை எல்லாம் சுரண்டி எடுத்தார்.

"மதினி, உள்ள பூரா ஈரம். இதும்மேல பூசுனா மறுபடியும் கறுத்துப்போகும். மூணு நாள் காயட்டும். தரையில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. வியாழக்கிழமை வந்து பூசிவிடுதேன். வெள்ளிக்கிழமை பிள்ளை தாராளமாக் குளிக்கலாம்."

அவர் போனதும் என் வீட்டுக்காரருக்கு அண்ணனான மூத்தார் ஆவுடையப்பன், என் வீட்டுக்காரர், கொழுந்தன் குருவையா மூன்று பேரும் நாற்காலி போட்டு யோசித்தார்கள்.

"மூணு நாள் குளிக்காம எப்படி இருக்கது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"குளிக்கக் கூடாதுன்னு கொத்தனார் சொல்லலையே. தரையில படக் கூடாதுன்னுதான சொன்னாரு," என்றார் மூத்தார். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் குச்சி காயவைத்தவர் அவர். ஈர விஷயத்தில் அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"அப்ப தரைக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணு வேணும்ணே," என்றான் குருவையா.

பரணில் இருந்த கல்யாண அண்டாவை இறக்கிக் குளியலறை நடுவில் வைத்தார்கள். திங்கள்கிழமை காலையில் ஒருவர் பின் ஒருவராக அண்டாவுக்குள் நின்று குளித்தார்கள். வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவதாகக் குருவையா குளித்து முடித்தபோது அண்டா விளிம்பு வரை நிறைந்திருந்தது. தூக்கினால் தளும்பும்.

"மோந்து வெளிய கொண்டுபோயி ஊத்துவோமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"போற வழியில சிந்துனா?" என்றார் மூத்தார்.

"அப்ப இந்தத் தண்ணிய இங்கனயே குளிச்சுத் தீத்துரலாம்," என்றான் குருவையா.

மறுபடி அண்டாவுக்குள் இறங்கினான். உள்ளே இருந்த தண்ணீரை மோந்து மோந்து தன் தலையிலேயே ஊற்றினான். அரைமணி நேரம் ஊற்றினான்.

"குறையுதாடா?"

"குறையலண்ணே. எவ்வளவு ஊத்துனாலும் அப்படியே இருக்கு."

மூத்தார் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "வீட்டுக்கு அடியில ஊத்துக்கண்ணு இருக்கு பூலோகம். அதான் இடுக்குல ஈரம். இத்தன நாளா நமக்குத் தெரியல பாரு."

என் வீட்டுக்காரர் பொறுமை இல்லாதவர். ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து அண்டாவின் அடியில் ஓட்டை போட்டார். கொஞ்ச நேரத்தில், "அண்டா காலி!" என்று சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அண்டா காலியானது உண்மைதான். தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதும் உண்மைதான்.

நான் அழுதேன். "அழுகதா இருந்தா அடுப்படியில போயி அழு, இங்க சொட்டக் கூடாது," என்றார் என் வீட்டுக்காரர்.

செவ்வாய்க்கிழமை முழுக்க டேபிள் ஃபேன் ஓடியது. மூச்சிலும் ஈரம் இருக்கிறது என்று மூத்தார் சொல்லிவிட்டதால், மூன்று பேரும் வாயில் துண்டு கட்டிக்கொண்டு வாசலில் காவல் இருந்தார்கள். யாரும் குளிக்கவில்லை. அந்த நாற்றத்துக்கும் துண்டு உதவியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை எனக்குக் கவலை பொறுக்கவில்லை. "காஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான நான் இருக்கேன்," என்றார் மூத்தார். நாலு பெட்டித் தீக்குச்சியைப் பிரித்து, சுரண்டிய இடுக்குகளில் எல்லாம் வரிசையாகப் படுக்கவைத்தார். "ஈரம் இருந்தா குச்சி நமுத்துப்போகும், பத்தாது. காஞ்சிருந்தா பத்தும்."

சாயங்காலம் நாலு மணிக்கு நடுவில் இருந்து ஒரு குச்சியை எடுத்து உரசினார். பற்றிக்கொண்டது.

"காஞ்சிருச்சுடா!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார். நான் செண்பகவல்லி அம்மனைக் கும்பிட்டேன். கட்டிப்பிடித்த வேகத்தில் குச்சி கீழே விழுந்தது. அங்கே படுத்திருந்த குச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றி, இடுக்கு இடுக்காகத் தீ ஓடியது. கட்டம் கட்டமாக, பெரிய கோலம் போட்டது மாதிரி இருந்தது. பார்க்க அழகுதான்.

குருவையா சுறுசுறுப்பானவன். ஆறு வாளி தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டான்.

பிறகு மூத்தார் சொன்னார்: "இப்ப எப்படி இருந்தாலும், நாலு மணிக்குக் காஞ்சிருந்துச்சு. நாம நாலு பேரு சாட்சி."

வியாழக்கிழமை விடிந்ததும் சங்கிலிக் கொத்தனார் வந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு தண்ணி ஊத்துனது?"

"நல்லாக் காஞ்ச பொறவுதான் ஊத்துனோம் அண்ணாச்சி," என்றான் குருவையா.

முழுக்கதையையும் சொன்னோம். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "கொல்லையில குழாய் இருக்கே. அங்கன நின்னு குளிச்சா என்ன?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க சொல்லவே இல்லையே," என்றார் என் வீட்டுக்காரர்.

கொத்தனார் யாரிடமோ போய்ச் சுடுகாற்று ஊதுகிற மிஷினை வாங்கி வந்தார். இரண்டு மணி நேரத்தில் இடுக்கெல்லாம் வெளுத்துக் காய்ந்தது. பூச்சைக் கலக்கினார். நான் வாசலை விட்டு நகரவில்லை.

"வாசப்பக்கம் இருந்து ஆரம்பிங்க அண்ணாச்சி. பிள்ளை மொத காலு அங்கதான் வைக்கும். அதுதான் மொதல்ல காயணும்."

"உள்ள இருந்து பூசிக்கிட்டே வெளிய வரதுதான் மதினி முறை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ந்த தரையில் சொட்டிவிடுமோ என்று பயந்து, அவர் சரி என்று வாசல் பக்கமே ஆரம்பித்தார்.

பதினோரு மணிக்குக் கடைசி மூலையில் முடித்தார். நிற்க வேறு இடம் இல்லாமல் வெஸ்டர்ன் டாய்லெட் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "முடிஞ்சுது மதினி. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் ஒரு ஆளு இதுல கால் வைக்கக் கூடாது." சொல்லிவிட்டுக் காலைக் கீழே இறக்கினார்.

"அண்ணாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

"என்ன மதினி?"

"ஒரு ஆளும் கால் வைக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"அது உங்களுக்குச் சொன்னது. நான் வீட்டுக்குப் போகாண்டாமா? ஓரமா ரெண்டே எட்டு..."

மூத்தார் வாயில் மறுபடி கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏன், நீரு ஆளு இல்லையா? உமக்கும் காலு ரெண்டு இருக்குல்லா?"

நான் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் செண்பகம் வந்து இறங்கினாள். "யம்மா, பாத்ரூமுக்குள்ள யாரோ கூப்பிடுதாங்க," என்றாள்.

"தாயி, மணி பதினொண்ணு ஆயிட்டு. உங்கம்மாட்டச் சொல்லு தாயி," என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

நான் மகளின் வயிற்றைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கடிகாரம் வேகமாக ஓடும். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு நாள் கூட்டிக்கொண்டேன். செண்பகத்தைக் கொல்லைக் குழாயடியில், அந்த ஓட்டை அண்டாவுக்குள் நிற்கவைத்துக் குளிப்பாட்டினேன். தண்ணீர் நன்றாக வடிந்தது. பிள்ளை வழுக்கவே இல்லை.

மத்தியானம் ஜன்னல் வழியாகச் சோற்றை நீட்டியபோது கொத்தனார் தண்ணீர் கேட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று சொன்னவர் அவரேதான். தப்பு நடந்துவிடக் கூடாது இல்லையா? அதனால் மோர் கொடுத்தேன்.