ஒரு மூச்சின் மேல் இன்னொரு மூச்சு

அரிசி ஆலையில் முப்பது வருஷம் தவிட்டுத் தூசி தின்றவர் மருதாசலம். ஐம்பத்தெட்டு வயதில், மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் சொர்ணவல்லி அம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தால் என்ன, குரு குருதானே!

வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சாம்பிராணிப் புகை பட்டாலே அவர் நெஞ்சு கீச்சுக் கீச்சென்றது. மடத்துப் படி ஏறுவதற்குள் மனுஷனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்று காலை கிணற்றடியில் அம்மையைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மை மருந்துப் பம்பு ஒன்றை வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுத்தார். கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்திருந்து வெளியே விட்டார். பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினார்.

“அம்மா, உங்களுக்குமா இழுப்பு?”

“பத்து வயசுலிருந்து.”

“இன்னைக்கு நல்லாத்தானுங்களே இருக்கீங்க?”

“தினமும் இதை எடுக்கறேன். அதனால நல்லா இருக்கேன்.”

மருதாசலத்துக்கு மனசு ஆறவில்லை. “மூச்சை அடக்கச் சொல்லித் தர்றவங்களுக்குப் பம்பு எதுக்குங்க? காத்தை இன்னுங் கொஞ்சம் பலமா இழுத்தாப் பத்தாதுங்களா?”

“சரி, நெஞ்சு நிறைய இழுங்க.”

இழுத்தார்.

“விடாதீங்க. அதுமேலயே இன்னொண்ணு இழுங்க.”

தோள் தூக்கியது, கழுத்து புடைத்தது. காற்று ஒரு துளி உள்ளே போகவில்லை.

“விட்டுடுங்க, விட்டுடுங்க.”

“அட! இழுப்பு வந்தா அச்சு அசலா இப்படித்தானுங்க இருக்கும்!”

“உள்ள போன காத்து வெளிய வர முடியாம நிக்குது. குழாய் வீங்கிச் சுருங்கிக் கிடக்கு. புதுக் காத்து எங்க போகும்?”

“அப்புறம் ஏனுங்க இழுப்புங்கறாங்க?”

“பேர் வெச்சவன் பக்கத்துல நின்னு பார்த்தவன். வியாதி வந்தவனைக் கேட்டிருந்தா வேற பேர் சொல்லியிருப்பான்.”

மருதாசலம் ‘இழுப்பு’ என்ற சொல்லை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷமாகச் சுமந்த வியாதியை இப்போதுதான் கண்ணால் பார்த்ததுபோல் இருந்தது.

“உங்களுக்கு டாக்டர் பம்பு தரலையா?” என்று கேட்டார் அம்மை.

“ரெண்டு தந்தாருங்க. தினம் எடுக்க ஒண்ணு, அவசரத்துக்கு ஒண்ணு.”

“எங்க அது?”

அவர் தலையைச் சொறிந்தார். “இங்க வர்றப்ப மலைக்கோயில் உண்டியல்ல போட்டுட்டேனுங்க. முருகா, இனி மூச்சுப் பயிற்சிதான் மருந்து, நீ பாத்துக்கன்னு.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையும்.”

அம்மையின் முகம் வெளுத்துவிட்டது. “இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டா நாலு நாளாப் படி ஏறுனீங்க? நடுவுல அடைச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?”

அவருக்கும் அப்போதுதான் பயம் பிடித்தது.

“ஆனா வேண்டிக்கிட்டுப் போட்டதுங்க அம்மா. திருப்பிக் கேட்டா தெய்வக் குத்தம் ஆயிடாதுங்களா?”

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டார்.

“கேட்க வேண்டாம். இந்தப் பனியில மலை உச்சியில நிக்கறவரு, அவரே வெச்சுக்கட்டும். உங்களுக்கு டாக்டர்கிட்டப் போய் வேற வாங்கலாம், வாங்க.”